மீனுக்கு வெள்ளை, ஆட்டுக்குச் சிவப்பு: நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு இது செல்லுமா?

9 ஆகஸ்ட் 2024, வெள்ளி (பெட்டாலிங் ஜெயா வாசகர் கேட்டது)

மகன் வேலை செய்யும் இடத்து மேலாளர், நெதர்லாந்துக்காரர், மாதக் கடைசியில் மனைவியோடு நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். வீட்டில் மீன் கறியும் ஆட்டிறைச்சி வறுவலும் செய்வார்கள். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று வைன் வாங்கி வையுங்கள் என்கிறான் மகன். மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறது. புளியும் மிளகாயும் போட்ட நம் சமையலுக்கும் அதுதான் கணக்கா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

10 ஆகஸ்ட், சனி, இரவு 11:50 (வாசகி ஒருவரின் பதில்)

இன்றைக்கே செய்து பார்த்தோம், அண்ணா. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் எங்கள் வீடு. கொழுந்தனாரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். தெங்கிரி (வஞ்சிரம்) மீன் கறி, கோழிப் பிரட்டல், முட்டைக்கோஸ் பொரியல், ரசம், அப்பளம். வழக்கமான சனிக்கிழமைச் சாப்பாடுதான், வைனுக்காக எதையும் மாற்றவில்லை. நான்கு பாட்டில்: சிவப்பில் ஆஸ்திரேலிய ஷிராஸ், சிலி நாட்டுக் கபெர்னே சாவிஞ்ஞான்; வெள்ளையில் நியூசிலாந்து மார்ல்பரோவின் சாவிஞ்ஞான் பிளாங்க், ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்தான்.

மீன் கறியோடு ஷிராஸ் குடித்தபோது வாயில் இரும்பு நக்கியதுபோல ஒரு சுவை. பிறகு மீனின் கவிச்சி மட்டும் தனியாக மேலே வந்தது. கபெர்னே இன்னும் மோசம், நாக்கு காய்ந்து போனது. இரண்டிலும் மிளகாய்க் காரம் வேறு ஏறிற்று. சாவிஞ்ஞான் பிளாங்க் பொரியலோடு அழகாக நின்றது. கறியில் போட்ட புளிக்கு முன் தண்ணீராகிவிட்டது. ரீஸ்லிங் மட்டும்தான் கறியைப் பார்த்துப் பயப்படவில்லை. லேசான இனிப்பும் எலுமிச்சைபோல வெட்டும் புளிப்பும் அதில் உண்டு. ஒரு வாய் சோறு, ஒரு வாய் ரீஸ்லிங், மறுபடி சோறு கேட்டது வாய்.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு: சிவப்பு நம் சாப்பாட்டுக்கு வேண்டாம். வெள்ளை இரண்டு வாங்குங்கள்.

11 ஆகஸ்ட், ஞாயிறு, காலை

இரவு எழுதியதை விளக்க வேண்டும். சிவப்பில் காரம் ஏன் ஏறிற்று என்று கேட்டிருக்கிறார்கள்.

திராட்சைத் தோலோடும் விதையோடும் சாற்றை ஊறவைத்துப் புளிக்க வைப்பதால் சிவப்பு வைனுக்கு நிறமும் வருகிறது, துவர்ப்பும் வருகிறது. வாழைப்பூவைக் கடித்தால், கொட்டைப்பாக்கை மென்றால் வருகிற அதே துவர்ப்பு. எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. அந்தக் காய்ந்த வாயில் மிளகாய் விழுந்தால் எரிச்சல் கூடாமல் என்ன செய்யும்?

இன்னொன்று சாராயச் சத்து. அந்த ஷிராஸ் 14.5 சதவீதம், ரீஸ்லிங் 8.5. மிளகாயின் காரத்தை நாக்கில் உணர்த்துகிற நரம்பு முனைதான் சூட்டையும் உணர்த்துகிறது. 42 டிகிரியில் சுடுகிறது என்று சொல்ல வேண்டியதை, சாராயம் பட்டால் அது 34 டிகிரியிலேயே சொல்ல ஆரம்பித்துவிடும். உடம்புச் சூடே அதற்கு மேல். ஆகவே கார உணவுக்கு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது லேபிளின் மூலையில் உள்ள அந்தச் சதவீத எண். நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

11 ஆகஸ்ட், மதியம்

சிவப்பை அறை வெப்பத்தில் வைத்து ஊற்றினேன் என்பதைச் சொல்லவில்லை. எங்கள் சாப்பாட்டு அறை நேற்று 29 டிகிரி. அறை வெப்பம் என்று எழுதி வைத்தவர்கள் ஐரோப்பாவின் குளிர்ந்த கல் வீடுகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். சிவப்புக்கு 15 முதல் 18 வேண்டும். நான் அந்த இரண்டு பாட்டிலுக்கும் நியாயம் செய்யவில்லை. மறுபடி பார்க்கிறேன்.

14 ஆகஸ்ட், புதன்

மீனோடு வந்த இரும்புச் சுவைக்கும் துவர்ப்புதான் காரணம் என்று இன்னொரு இடத்தில் பதில் எழுதியிருந்தேன். தவறு. சுபாங்கிலிருந்து ஒரு தம்பி திருத்தினார், தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. 2009இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். வைனில் கரைந்திருக்கும் இரும்புச் சத்துதான் மீன் கொழுப்போடு சேர்ந்து அந்தக் கவிச்சியைக் கிளப்புகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போனால் நன்றாகத் தெரியும். சிவப்பில் பெரும்பாலும் இரும்பு கூடுதல், ஆனால் எல்லாச் சிவப்பிலும் இல்லை. வெள்ளையிலும் இருக்கலாம். அப்படியென்றால் ஒரு பாட்டில் மீனோடு நாறினால் அந்த நிறத்தையே ஒதுக்க வேண்டியதில்லை.

தெங்கிரி எண்ணெய் மீன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாவாலாக (வௌவால் மீன்) இருந்திருந்தால் இவ்வளவு அடித்திருக்காது என்று நினைக்கிறேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு, இரவு

பத்தாம் தேதி முடிவைத் திரும்பப் பெறுகிறேன்.

சவ் கிட் சந்தையில் ஆட்டின் முன்கால் வாங்கி, மிளகு வறுவல் செய்தேன். புளி இல்லை, தக்காளி ஒன்றே ஒன்று. சோம்பு, பட்டை, இடித்த மிளகு நிறைய, கறிவேப்பிலை, கடைசியில் தேங்காய்ப்பூ கொஞ்சம். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பில் கிடந்தது.

இந்த முறை சூட்டையும் கவனித்தேன். இறைச்சிக்குக் குத்திப் பார்க்கிற வெப்பமானியைப் பாட்டிலுக்குள் விட்டுப் பார்த்தேன். 29 டிகிரியில் இருந்த பாட்டில் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் இருந்த பிறகும் 25 காட்டியது. இன்னொன்றைப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் கழுத்துவரை இறக்கினேன், பன்னிரண்டு நிமிடத்தில் 15. வெறும் பனிக்கட்டி போதாது, தண்ணீர் ஊற்றினால்தான் பாட்டிலைச் சுற்றி முழுதும் படும். விருந்தாளி வாசலில் வந்து நிற்கும்போது ஞாபகம் வந்தாலும் இது காப்பாற்றும்.

பாட்டில் இரண்டு. அதே ஷிராஸ், அதோடு பிரான்சின் போஜொலே பகுதியின் கமே என்ற சிவப்பு. கமே 13 சதவீதம், துவர்ப்பு குறைவு, நாவற்பழம் தின்ற பிறகு வாயில் நிற்கிற வாசம் மாதிரி. குளிர்ந்த கமேயும் வறுவலும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவைபோல இருந்தன. கொழுப்பு நாக்கில் படியப் படிய அது வழித்துக்கொண்டே போயிற்று.

ஷிராஸும் 16 டிகிரியில் வேறு ஆளாக வந்தது. ஆட்டுக் கொழுப்பும் உப்பும் அதன் துவர்ப்பை வாங்கிக்கொண்டன. என் கணவரும் கொழுந்தனாரும் “மிளகு, மிளகு” என்றார்கள். எனக்குப் பழவாசமும் கொஞ்சம் புகையும்தான் வந்தது. அம்மா (எழுபத்து நான்கு வயது, ஒரு சொட்டும் குடிக்க மாட்டார்) என் கையிலிருந்து கிளாஸை வாங்கி முகர்ந்து, “இடிச்ச மிளகு வாசம்டி, உரல்ல இருந்து எடுத்த மாதிரி” என்றார். நான் மறுபடி முகர்ந்தேன். இல்லை.

அவர்கள் சொன்னது கற்பனை இல்லை. ஷிராஸில் ரோட்டண்டோன் என்று ஒரு வாசப் பொருள் இருக்கிறது. மிளகிலும் அதேதான். 2008இல் ஆஸ்திரேலிய வைன் ஆய்வு நிலையத்தார் இதை வெளிப்படுத்தினார்கள். ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் மூக்கில் ஏறவே ஏறாது. நான் அந்த ஐந்தில் ஒருத்தி. முப்பது வருடமாக மிளகு இடிக்கிறேன், காரமும் மற்ற வாசமும் தெரிகிறது, ஆனால் அம்மாவுக்குத் தெரிகிற மிளகும் எனக்குத் தெரிகிற மிளகும் ஒன்றில்லை என்று இந்த வயதில் தெரிய வருகிறது. ஒரு வைன் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் இனி நான் வாதாட மாட்டேன். அவர் மூக்கு எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

19 ஆகஸ்ட்

ரசத்துக்கு என்ன வைன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எதுவும் வேண்டாம். ரசமே டம்ளரில் குடிக்கிற பொருள்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் தனியாக எழுதியிருந்தார். நம் மக்கள் குடியால் அழிந்தது போதாதா, ஒரு பெண் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று. கோபமாக எழுதவில்லை, வருத்தமாகத்தான் எழுதியிருந்தார். ஒரு வாரமாக அது மனத்தைவிட்டுப் போகவில்லை.

ஐயா, என் அம்மா பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சம்பள நாளன்று தாத்தா கள்ளுக்கடைக்குப் போவதற்கு முன் அவர் கையிலிருந்து பணத்தை வாங்கிவிட, பாட்டி பிள்ளைகளை இரட்டை வரிசை வீடுகளின் முனையில் நிறுத்தி வைப்பாராம். பிடித்த மாதமும் உண்டு, விட்ட மாதமும் உண்டு. விட்ட மாதத்தில் மரவள்ளிக்கிழங்கு. கள் கிடைக்காத நாளில் சம்சு என்ற வடிசாராயம், அது இன்னும் கொடியது. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஆள் வெளியே போகாமல் கூலி அங்கேயே சுற்றியது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை முன் மறியல் செய்தது. குடியை எதிர்த்து நின்றவர்களும் நம் ஆட்கள்தான் என்பதை மறக்கவில்லை.

அதனால்தான் எங்கள் வீட்டில் முதல் பாட்டில் வந்த நாளில் அம்மா சாப்பிட உட்காராமல் அறைக்குள் போய்விட்டார். அது ஆறு வருடத்துக்கு முன். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். “சாப்பாட்ட முன்னால வச்சுக்கிட்டு குடிக்கிறது ஒண்ணு, சாப்பாட்ட மறந்து குடிக்கிறது ஒண்ணு. எங்க அப்பாரு ரெண்டாவது. உம் புருசன் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அன்று ஏற்பட்ட வழக்கம் இன்றுவரை நிற்கிறது. சோறு பரிமாறிய பிறகுதான் பாட்டில் திறக்கும். சோறு முடிந்தால் பாட்டிலை மூடிவிடுவோம். பெண்கள் முன்னால், அதே மேசையில்தான். மறைவாக ஒரு வாய்கூடக் கிடையாது. கார் ஓட்டி வந்தவருக்கு ஊற்றுவதில்லை. 2020 அக்டோபரிலிருந்து சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், முன்பு 80 இருந்தது. எங்கள் வீட்டு வரம்பு பூஜ்யம்.

குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்ல நான் எழுதவில்லை. விருந்தாளிக்கு எதை வைப்பது என்று ஒருவர் கேட்டார், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரியவர் என்னை மன்னிப்பாரோ மாட்டாரோ, அவர் வருத்தம் நியாயமானது.

26 ஆகஸ்ட், விடியற்காலை

தூக்கம் வரவில்லை. நேற்று கள்ளைப் பற்றி எழுதினேனே, அதிலேயே இன்னொன்று இருக்கிறது.

புதுக்கள் எப்படி இருக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். தாத்தா கொண்டுவந்த பாத்திரத்தை முகர்ந்தும் விரலில் தொட்டு நக்கியும் அவருக்குத் தெரியும். காலையில் இனிப்பு, மதியத்தில் இனிப்பும் புளிப்பும், நுரை, மாலையில் ஒரே புளிப்பு, மறுநாள் காடி. தென்னம்பாளையின் சர்க்கரை தானே புளித்து மேலே ஏறுகிற கதை அது. சாராயச் சத்து ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். அதற்குத் தொட்டுக்கொண்டது கருவாட்டுச் சம்பல், மிளகாய் போட்ட மொச்சை.

இனிப்பு, புளிப்பு, லேசான நுரைப்பு, குறைந்த சாராயம், கையில் காரமான தொடுகறி. பத்தாம் தேதி மேசையில் இதற்குக் கிட்ட வந்தது எது? அந்த மோசல் ரீஸ்லிங்தான். ஊற்றியதும் கிளாஸ் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகூட இருந்தது. காரத்துக்கு எது பொருந்தும் என்று தோட்டத்து ஆட்களின் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. நான் நான்கு பாட்டிலுக்குப் பணம் கொடுத்து அதே இடத்துக்கு வந்து நிற்கிறேன்.

26 ஆகஸ்ட், மதியம்

அண்ணாவுக்கு நேரடியான பதில், விருந்து நெருங்குவதால். மீன் கறிக்கு மோசல் ரீஸ்லிங், லேபிளில் ‘கபினெட்’ (Kabinett) என்று இருக்கட்டும். ‘ட்ரோக்கன்’ (Trocken) என்று போட்டிருந்தால் இனிப்பு இல்லாதது, அது வேண்டாம். சந்தேகமாக இருந்தால் சதவீதத்தைப் பாருங்கள்: 8, 9 என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது, 12 என்றால் எல்லாம் சாராயமாகிவிட்டது. வறுவலுக்குப் போஜொலே, பனித்தண்ணீரில் பத்து நிமிடம். கடையில் வெயில் படும் கண்ணாடி ஓரத்து அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள்.

கறியில் புளியைக் குறைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். குறைக்காதீர்கள். வருகிறவர்கள் உங்கள் வீட்டு மீன் கறியைச் சாப்பிட வருகிறார்கள்.

16 செப்டம்பர், திங்கள், பினாங்கு

நாளை புரட்டாசி பிறக்கிறது. ஆயர் ஈத்தாமில் என் தங்கை வீட்டில் இருக்கிறோம், மலேசிய தின விடுமுறை. புரட்டாசிக்கு முந்தின நாள் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நண்டு, கோழி, ஆடு மூன்றும் ஒரே அடுப்பில் வரிசையாக.

தங்கை நண்டுக் கறியைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் வைத்தாள், புளி இல்லாமல். கோழி குருமா தனியாக. நான் பிரான்சின் அல்சாஸ் பகுதியின் கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒன்று கொண்டு வந்திருந்தேன். கிளாஸை முகர்ந்த தங்கையின் கணவர் “இது சிராப் பண்டோங் இல்ல?” என்று சிரித்தார், ரோஜாப் பாகும் பாலும் கலந்த நம் ஊர்ப் பானம் அது. அடுத்த நிமிடம் தங்கை லைச்சி என்றாள். இரண்டு பேரும் சரி. ரோஜாவுக்கும் லைச்சிக்கும் இந்தத் திராட்சைக்கும் பொதுவாக ரோஸ் ஆக்சைடு என்ற ஒரே வாசப் பொருள் இருக்கிறது.

இந்த வைனில் புளிப்பு குறைவு. புளிக்கறியோடு சோகையாகிவிடும் என்று தெரிந்துதான் தேங்காய்ப்பாலுக்கு வைத்தேன். குருமாவின் இஞ்சி, ஏலக்காய், கசகசாவோடு போய் ஒட்டிக்கொண்டது. நண்டோடும் நன்றாகவே இருந்தது, ஆனால் நண்டின் மெல்லிய இனிப்பை ரோஜா மூடிவிட்டதாக எனக்குப் பட்டது. தங்கைக்கு அப்படிப் படவில்லை. நண்டுக்கு ரீஸ்லிங்கே நல்லது என்று எழுதி வைக்கிறேன், அவள் இதைப் படித்தால் மறுப்பாள்.

மேசையில் அசாம் லக்சாவும் (புளி போட்ட மீன் குழம்பில் நூடுல்ஸ்) இருந்தது, பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தனுப்பியது. கெவுர்ட்ஸ்ட்ராமினரோடு ஒரு வாய். எதிர்பார்த்ததேதான், வைன் காணாமல் போயிற்று.

17 செப்டம்பர்

ஒரு மாதம் இந்த இழைக்கு வரமாட்டேன். சைவம், பாட்டில் இல்லை.

20 அக்டோபர், ஞாயிறு

பெட்டாலிங் ஜெயா அண்ணா இடையில் எழுதியதை இன்றுதான் பார்த்தேன். விருந்தாளி அம்மா மீன் கறியை மூன்று முறை கேட்டு வாங்கினாராம், ரீஸ்லிங் தீர்ந்துபோய்விட்டதாம். போஜொலேயில் பாதி மிச்சம். மிச்சத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். இவ்வளவு நாளில் கேட்டுப் பயனில்லை, அடுத்த முறைக்குச் சொல்கிறேன்: மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும், சிவப்பானாலும் குளிர்பெட்டிதான்.

திறக்காத பாட்டிலுக்கும் இந்த ஊர் வெப்பம் எமன். போன வருடம் தக்கை மூடி போட்ட ஒரு நல்ல பாட்டிலைச் சமையலறை மேல் அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன். தீபாவளிக்கு எடுத்தபோது தக்கை கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது, உள்ளே உலர்ந்த திராட்சையைக் கொதிக்க வைத்த வாசம். வருடம் முழுக்கக் குளிரூட்டி ஓடாத வீட்டில் சேர்த்து வைக்கவே கூடாது. வேண்டிய வாரத்தில் வாங்குங்கள்.

29 அக்டோபர், செவ்வாய்

நாளை மறுநாள் தீபாவளி. பலகாரத்துக்கு என்ன என்று கேட்டவர்களுக்கு: முறுக்கு, ஓமப்பொடிக்கு நுரைக்கிற வெள்ளை எதுவானாலும் சரி. உப்பும் எண்ணெயும் புளிப்பைக் கேட்கும். நெய் உருண்டைக்கும் அதிரசத்துக்கும் சாதாரண வெள்ளை வைத்தால் வைன் எலுமிச்சைத் தோல்போல ஆகிவிடும். பலகாரத்தைவிட வைன் இனிப்பாக இருக்க வேண்டும். இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி ஐந்தரை சதவீதம்தான், இனிப்பு, குமிழி. அது நெய் உருண்டையோடு சேருகிறது. அதிரசத்தின் வெல்லத்துக்கு அதுவும் போதவில்லை, தேநீர்தான்.

வியாழன் காலை தோசையும் ஆட்டுக் கறியும். காலையில் பாட்டில் திறக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இரவுக்குக் கமே ஒன்று, ரீஸ்லிங் இரண்டு வாங்கியாயிற்று.

ஆகஸ்டிலிருந்து காலியான ரீஸ்லிங் பாட்டில்களை அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார், எதற்கென்று கேட்கவில்லை. இன்று பார்த்தால் ஆறிலும் எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றி, திருகு மூடியை இறுக்கி, கொழுந்தனார் வீட்டுக்கு இரண்டு, தங்கைக்கு இரண்டு என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார். பச்சைக் கண்ணாடியில் எண்ணெய் கெடாதாம்.